ராவிலே என்றால் எப்போது? வீட்டு நோயாளிப் பராமரிப்பு: கேள்வி பதில்

குமுளிக்கு மேலே பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில், வீடு தேடிச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் வலிதணிப்புக் குழுவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது கம்பத்தில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒருவர்: சிஸ்டர், அப்பாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அது கடைசி நாட்களில்தான் கொடுப்பது என்கிறார்கள். பழகிவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

மார்ஃபின் வலியின் அளவைப் பார்த்துக் கொடுப்பது. மிச்சமிருக்கும் நாட்களை எண்ணிக் கொடுப்பதல்ல. மருத்துவரின் மேற்பார்வையில், வலிக்காக மட்டும், சொன்ன அளவில் எடுப்பவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. சாதாரண மாத்திரை என்றால் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று எழுதுவார்கள். வலி வரட்டும் என்று காத்திருந்தால் அதைப் பிடிக்க முடியாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல மருத்துவமனைகள் இம்மருந்தை வைத்திருக்கவே தயங்கின. இம்மருந்து எளிதாகக் கிடைக்கும்படி அந்தச் சட்டம் 2014இல்தான் திருத்தப்பட்டது. ஆனால் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993லேயே வலிதணிப்புப் பணியைத் தொடங்கிவிட்டார்கள். கேரள அரசு 2008இல் அதற்கெனக் கொள்கையே வகுத்தது. உங்கள் பஞ்சாயத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர் அந்த வழியில் வந்தவர்தான், அவரைக் கேளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும், அது நாள்பட்டாலும் தானாகச் சரியாகாது. மலமிளக்கி எழுதியிருக்கிறார்களா என்று முதல் நாளே பாருங்கள். ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், என்னுடன் வந்த மலையாளச் செவிலியர், நோயாளியின் மனைவியிடம் "சோதன உண்டோ?" என்று கேட்டார். மலம் போகிறதா என்பது அதன் பொருள். அந்த அம்மாவோ, "நேத்தே ரத்தம் எடுத்துட்டாங்கம்மா" என்றார். 'உண்டு' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்போம். போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தேன், கல்லாக இருந்தது. ஆறு நாட்களாகப் போகவில்லை.

கூடலூரிலிருந்து ஒருவர்: படுக்கைப் புண்ணுக்கு எந்தப் பவுடர் நல்லது?

எந்தப் பவுடரும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு எளிதில் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கம்பம்மெட்டிலிருந்து ஒருவர்: கோட்டயத்தில் அம்மாவுக்கு நீர் பிரியும் மாத்திரை கொடுத்து, "ராவிலே ஒண்ணு" என்றார்கள். இரவில்தான் கொடுக்கிறோம். ஆனால் அம்மா ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போகிறார், ஒருமுறை விழுந்தும்விட்டார்.

மலையாளத்தில் 'ராவிலே' என்றால் காலையில். அந்த மாத்திரையைப் பொதுவாகக் காலையில் கொடுக்கச் சொல்வது, நீங்கள் பார்க்கும் இந்தக் கஷ்டம் வரக் கூடாது என்பதற்காகவே. நீங்களாக மாற்ற வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்யுங்கள். விழுந்ததையும் சொல்லுங்கள்.

செங்கோட்டையிலிருந்து ஒருவர்: மிகைப்படுத்துகிறீர்கள் அம்மா. எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எல்லைக்காரர்களுக்கு 'ராவிலே' தெரியாதா?

கடைத்தெருவில் தெரியும், ஐயா. மகனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துவிட்டுக் கையில் ஐந்து மருந்து உறைகளோடு நிற்கும் தாய்க்கு, தன் வீட்டுப் பேச்சில் 'ராவுல' என்றால் எதுவோ அதுதான் காதில் விழும். தெரிந்தவர்கள்தான் கேட்காமல் போகிறார்கள் என்பது என் அனுபவம்.

பாலக்காடு சித்தூரிலிருந்து ஒருவர்: அப்படியானால் செவிலியர்கள் தமிழ் கற்கட்டும். அதுதானே தீர்வு?

கற்கட்டும், நல்லது. ஆனால் தமிழ் மருத்துவர் தமிழ் நோயாளிக்குச் சொன்ன மருந்தும் தவறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். மொழியைவிட, கேட்கும் விதம்தான் கோளாறு. "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். அதனால் நான், "வீட்டுக்குப் போனதும் உங்க மருமகளுக்கு இதை எப்படிச் சொல்வீங்க, எனக்கு ஒருதரம் சொல்லுங்க" என்பேன். அவர் சொல்லும்போது பிழை தானே வெளியே வரும். பிழை என் விளக்கத்தினுடையது என்று எடுத்துக்கொண்டு மறுபடி சொல்வேன். உறையின் மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் பேனாவால் வரைவேன். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். புதுக்கருவி வாங்க மாதக்கணக்கில் கூட்டம் போடும் இடங்களில் இந்த இரண்டு நிமிடத்துக்கு ஆள் இல்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

சின்னமனூரிலிருந்து ஒருவர்: நோயாளியைக் கவனிக்கச் செயற்கை நுண்ணறிவுச் செயலி எது சிறந்தது?

என் துறை அல்ல.

உத்தமபாளையத்திலிருந்து ஒருவர்: படுக்கைப் புண்ணுக்குப் பவுடர் போடலாமா?

மேலே கூடலூர்க்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். இந்தக் கேள்வி இன்று மூன்றாவது முறை. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம். அது சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

கம்பத்திலிருந்து ஒருவர்: அக்கா, தமிழ்நாட்டுப் பக்கம் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்களா?

வருவார்கள். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

கம்பம்மெட்டுக்காரர் மறுபடியும்: பேசினோம், சிஸ்டர். காலையில்தானாம். நாளையிலிருந்து மாற்றிவிடலாமா?

இரவில் ஒன்றும் விடிந்ததும் ஒன்றுமாக இரண்டு சேர்ந்துவிடக் கூடாது. இன்றிரவு மாத்திரையை என்ன செய்வது என்று அவர்களிடமே இன்னொரு முறை பேசிக் கேளுங்கள். பதிலைக் கேட்டு, திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு வையுங்கள்.