போர்வைக்காரர் படமும் 'பிள்ளை பிடிக்கிறவன்' செய்தியும்

தெரு வாட்ஸ்அப் குழுவில் போர்வை விற்க வந்தவரைப் படம் எடுத்து 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று போட்டுவிட்டார்கள், மாமியார் பேரனை வாசலுக்கே விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சகோதரி, அந்தப் படத்தை இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரிலும் இதே வதந்திதான். குலதெய்வக் கோவிலுக்குப் போன சென்னைக் குடும்பம் வழி கேட்க நின்றது. அறுபதைக் கடந்த அம்மா ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தேபோனார்.

மாமியாரின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், அத்திமூர்க் கதையைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நிஜமாகவே சந்தேகம் வந்தால் போலீஸ் எண் 100 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். அந்த எண்களைக் குழுவிலும் போட்டுவிடுங்கள். அப்புறம், போர்வைக்காரர் மறுபடி வந்தால் நீங்களே வெளியே வந்து நாலு வார்த்தை பேசுங்கள், தெரு பார்க்கட்டும்.