மாதாமாதம் வாஷ் வாங்குகிறேன், அரிப்பு போகவில்லையே!

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 41, கையுறை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. ஒரு வருடமாக அந்த இடத்தில் அரிப்பு, திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல். இரவுச் சந்தையில் ஓர் அக்கா விற்கும் வெற்றிலை, மஞ்சகானி போட்ட வாஷ் (பாட்டில் 38 வெள்ளி, அதாவது ரிங்கிட்) வாங்கி தினமும் இரண்டு வேளை உள்ளேயும் விட்டுக் கழுவுகிறேன். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், தீட்டு வருவதற்கு முன்னால் மறுபடியும் ஆரம்பித்துவிடும். 120 வெள்ளி செட் எடுத்தால் அடியோடு போய்விடும் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. முதலில் உள்ளே விட்டுக் கழுவுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். பெண்ணுறுப்பின் உள்பக்கம் இயல்பிலேயே லேசாகப் புளிப்பாக இருக்கும், அங்கே இருக்கும் நல்ல கிருமிகள்தான் அதை அப்படி வைத்திருக்கின்றன; மணமுள்ள வாஷையும் சோப்பையும் விட்டுக் கழுவினால் அவை கெட்டு, தோலும் எரிந்து, அரிப்பு இன்னும் கூடும். வெளியே வெறும் தண்ணீர் போதும். மஞ்சகானி வேறொன்றுமில்லை, நம் பாட்டிமார் பிரசவ மருந்தில் சேர்த்த அதே மாசிக்காய். துவர்ப்பு, அதனால் இறுகின மாதிரி, காய்ந்த மாதிரி தெரியும், அரிப்பைக் கொடுக்கும் பூஞ்சைத் தொற்று போய்விட்டதாக அர்த்தமில்லை.

அடுத்து பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மருந்து என்றால் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். என்ஓடி (NOT) என்று தொடங்கினால் அது அழகுசாதனப் பொருள், நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கவே கூடாது. எம்ஏஎல் எண்ணின் கடைசியில் டி (T) எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து, அவ்வளவுதான். எண்ணே இல்லையா, அப்புறம் என்ன பேச்சு.

வருடத்தில் மூன்று நான்கு தடவை பூஞ்சைத் தொற்று வந்தாலே டாக்டர்கள் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று எடுத்துக்கொண்டு காரணம் தேடுவார்கள். அதனால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், 1 வெள்ளி. இரண்டு விஷயம் கேளுங்கள்: சர்க்கரை பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை, அந்த இடத்திலிருந்து ஒரு ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது). சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அது இருப்பதே தெரியாது! ஏற்கனவே சர்க்கரைக்கு டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், அவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் இந்தத் தொல்லை வரும். அடிக்கடி ஆன்டிபயாட்டிக் எடுத்தாலும் வரும். ஸ்வாப் எதற்கு என்றால், பூஞ்சை என்று நாமே முடிவு செய்வது பல நேரம் வேறு தொற்றாக இருக்கும், அதற்கு மருந்தே வேறு. மீன் வாடை, அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பூஞ்சைதான் என்றால் குளோட்ரிமசோல் உள்வைப்பு மாத்திரையோ 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோலோ கொடுப்பார்கள். உங்களைப் போல் திரும்பத் திரும்ப வந்தால் அதே ஃப்ளூகோனசோலை முதலில் மூன்று நாளுக்கு ஒன்று என மூன்று தடவை, அப்புறம் வாரம் ஒன்று, 6 மாதம் என்று டாக்டர் எழுதலாம். பாதியில் அரிப்பு நின்றதும் விட்டுவிடாதீர்கள், அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கர்ப்பம் என்றாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் நான்கு பருத்தி ஜட்டி வாங்குங்கள். ஷிப்ட் முழுக்க வேர்வையில் ஊறின இறுக்கமான டிராக் பேன்ட்டோடு வீட்டுக்கு வந்து அப்படியே சோபாவில் சாயாமல், வந்தவுடன் மாற்றுங்கள். தினமும் பேன்டிலைனர் வைப்பவர் என்றால் அதையும் குறையுங்கள். தயிர் சாப்பிடலாம், தப்பில்லை, ஆனால் ‘ப்ரோபயாடிக்’ (நல்ல கிருமி) மாத்திரை டப்பாவுக்குக் காசு கொட்டும் அளவுக்கு ஆதாரம் போதாது.

கேள்வி: என் வீட்டுக்காரரும் மருந்து போட வேண்டுமா?

பதில்: அவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் பொதுவாகத் தேவையில்லை. ஒன்று மட்டும், குளோட்ரிமசோல் வைக்கும் நாட்களில் ஆணுறையை நம்பாதீர்கள், அந்த மருந்து ரப்பரைக் கெடுக்கும்.