மகள் மோசடிக்காரர்களுக்கு வாதாடப் போகிறாளாம்!

கேள்வி: என் மகள் சட்டப் படிப்பு முடித்துவிட்டாள். பாரிஸ்டராகி (நீதிமன்றத்தில் வாதாடுகிற வழக்கறிஞர்), நிதி மோசடி வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடப் போகிறேன் என்கிறாள். என் கணவரின் அண்ணா சீட்டுப் பணம் கட்டி ஏமாந்து பெரிய தொகையைத் தொலைத்தவர். "எங்கள் காசைச் சுருட்டினவன் மாதிரி ஆட்களுக்கா வக்காலத்து?" என்று அவர் கேட்டதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. வீடு வாங்குவோர், விற்போருக்குச் சட்ட வேலை பார்க்கிற சொலிசிட்டராகப் போயேன் என்றால் கோபிக்கிறாள். இந்த வேலையில் நேர்மையாக இருக்க முடியுமா? வருமானமாவது வருமா?
- ஒரு தாய், ஹாரோ, லண்டன்

பதில்:

சகோதரி, பெரியப்பாவின் கோபம் நியாயமானது. காசைப் பறிகொடுத்தவரிடம் சட்டத் தத்துவம் பேசி வெல்ல முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் மகள் போக நினைக்கிற இடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்காவது தெரிந்திருப்பது நல்லது.

கொலை வழக்கில் பெரும்பாலும் 'யார் செய்தது?' என்பதுதான் சண்டை. வெள்ளைக் காலர் வழக்கில், அதாவது அலுவலகத்தில் நடக்கிற பண மோசடி வழக்கில், அது குறைவு. கையெழுத்து இவருடையதுதான், மின்னஞ்சல் இவர் அனுப்பியதுதான், பணம் இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குப் போனதும் உண்மைதான். அநேகமாக இரண்டு தரப்பும் இதையெல்லாம் ஒத்துக்கொள்ளும். பிறகு எதற்கு வழக்கு? அவர் அதை நேர்மையில்லாமல் செய்தாரா என்பதற்குத்தான். 2017-ல் ஐவி வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. (அது ஒரு சூதாட்டக்காரர் சூதாட்ட விடுதி மீது போட்ட சிவில் வழக்கு என்பது தனிக் கதை.) அந்த மனிதர் அப்போது உண்மையில் என்ன அறிந்திருந்தார், என்ன நம்பினார் என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், அதெல்லாம் தெரிந்த ஒருவர் அப்படி நடந்துகொண்டதை நேர்மையான சாதாரண மனிதர்கள் எப்படி எடைபோடுவார்கள் என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மகளின் நாட்கள் அந்த முதல் பாதியில்தான் கரையும். தொலைக்காட்சியில் வருகிற மாதிரி விக் வைத்துக்கொண்டு மேசையைத் தட்டுகிற வேலை இல்லை இது. ரோல்ஸ்-ராய்ஸ் லஞ்ச விசாரணையில் சுமார் 3 கோடி ஆவணங்கள். எல்லா வழக்கும் அவ்வளவு பெரிதில்லை, ஆனாலும் லட்சக்கணக்கில் காகிதம் என்பது சாதாரணம். 'அவருக்கு அப்போது தெரியாது' என்று காட்டுகிற ஒரே ஒரு மின்னஞ்சல் அதற்குள் எங்கேயோ கிடக்கும். அதைத் தேடிப் பிடிக்கவும், அரசுத் தரப்பு காட்டாமல் வைத்திருப்பதைக் கேட்டு வாங்கவும் பொறுமை வேண்டும்.

சரி, இதெல்லாம் குற்றவாளிகளைத் தப்ப வைக்கத்தானே என்பீர்கள். டாம் ஹேஸ் என்ற வங்கிக்காரரின் வழக்கைப் பாருங்கள். வங்கிகளுக்கிடையிலான லைபர் வட்டி விகிதத்தைத் தன் லாபத்துக்கு ஏற்ப வளைக்க முயன்றார் என்று 2015-ல் சவுத்வார்க் கிரவுன் நீதிமன்றத்தில் அவருக்கு 14 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அது 11 ஆனது. விகிதத்தை உயர்த்து, தாழ்த்து என்று அவர் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டதற்கு எழுத்திலேயே சாட்சி இருந்தது. அப்போது பலரும் வெறுத்த வங்கிக்காரர் அவர். ஐந்தரை ஆண்டு உள்ளே இருந்துவிட்டு 2021-ல் வெளியே வந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. ஜூரி முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயத்தை, அது சட்டம் என்று சொல்லி நீதிபதியே முடித்துவிட்டார் என்பது காரணம். ஹேஸ் நல்லவர் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நியாயமான விசாரணை அவருக்குக் கிடைக்கவில்லை என்றது. மறுவிசாரணையும் இல்லை. தவறாக வழிநடத்தப்பட்ட விசாரணையில் வருகிற தண்டனை பத்து வருடம் கழித்தும் கவிழும் என்பதைப் பெரியப்பா போன்றவர்களும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று நம்மவர்களுக்குப் பக்கத்துக் கதை. கடையோடு சேர்த்து தபால் நிலையம் நடத்திய ஆசியக் குடும்பங்கள் இங்கே எத்தனை! தபால் நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணினி அமைப்பு, கணக்கில் காசு குறைகிறது என்று தவறாகக் காட்டியதால் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம் என்றதும் பலர் பொய்க்கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தபால் நிலையம் நடத்திய சீமா மிஸ்ரா திருட்டுக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமல் போராடினார். ஹொரைசனின் பிழைகள் பற்றிய பதிவுகளை அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டார்கள், உரியபடி கிடைக்கவில்லை. 2010-ல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். 2021-ல்தான் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றாக ரத்து செய்தது, அதில் அவருடையதும் ஒன்று. அவரையும் ஊர் 'காசைச் சுருட்டியவள்' என்றுதான் சொன்னது.

நேர்மையைப் பற்றிக் கேட்டீர்கள். பாரிஸ்டர் நீதிமன்றத்தை ஏமாற்றக் கூடாது. கட்சிக்காரர் 'நான் செய்தேன்' என்று அவளிடம் சொல்லிவிட்டு, நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்தால், அரசுத் தரப்புச் சாட்சியம் போதுமா என்று அவள் சோதிக்கலாம். அவர் செய்யவில்லை என்றோ வேறு ஒருவர் செய்தார் என்றோ அவள் வாதம் வைக்க முடியாது. பிடிக்காத ஆள், கேவலமான வழக்கு என்று ஒதுக்கவும் விதி இடம் தராது: தன் துறை வழக்கு, நேரம் இருக்கிறது, உரிய கட்டணம் வருகிறது என்றால் எடுக்கத்தான் வேண்டும். அதனால் கட்சிக்காரரின் குணத்தை அவள் தலையில் ஏற்றாதீர்கள்.

நான் கவலைப்படுவது காசைப் பற்றித்தான். முன்பு இலங்கையில் பிரக்கிராசி (வழக்கைத் தயாரிப்பவர்), அப்புக்காத்து (நீதிமன்றத்தில் வாதாடுபவர்) என்று பிரித்தார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி இங்கே பெரும்பாலும் சொலிசிட்டர் வழக்கைக் கொண்டுவந்தால்தான் பாரிஸ்டருக்கு வேலை. பெரும்பாலானோர் சுயதொழில்காரர்கள்: மாதச் சம்பளம் கிடையாது. பார் கோர்ஸ் என்ற பாரிஸ்டர் படிப்புக்குப் பிறகு ஒரு வருடம் பியூப்பிலேஜ் என்ற பயிற்சி, அதற்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆரம்பத்தில் அரசுச் சட்ட உதவியில் வருகிற சின்ன வழக்குகள்தான். அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாமல் 2022-ல் பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள், 15 சதவீத உயர்வுக்குச் சம்மதித்துத் திரும்பினார்கள். நிறுவன இயக்குநர்கள் தாங்களே பணம் கொடுத்து வருகிற பெரிய மோசடி வழக்குகளில் நல்ல வருமானம் உண்டு, ஆனால் அங்கே போய்ச் சேரப் பல வருடம் பிடிக்கும். அதுவரை அவள் உங்கள் வீட்டில் வாடகையில்லாமல் இருக்கலாம் என்றால், அதைவிடப் பெரிய உதவி இல்லை.

மகளை முதலில் மினி-பியூப்பிலேஜ் செய்யச் சொல்லுங்கள். சில நாட்கள் ஒரு பாரிஸ்டரின் பின்னாலேயே போய்ப் பார்ப்பது. கணக்காளர் ஒருவரை நாள் முழுக்க ஒரே எக்செல் தாளைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், அவள் பிடிவாதத்தை நம்பலாம். நீங்களும் ஒரு நாள் சவுத்வார்க் நீதிமன்றத்தில் பார்வையாளர் பகுதியில் போய் உட்காருங்கள். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், அனுமதி இலவசம். பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பாருங்கள், வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், அவள் தொழிலுக்குப் போன பிறகு சாப்பாட்டு மேசையில் 'இன்றைக்கு யார் வழக்கு, உண்மையிலேயே எடுத்தானா?' என்று கேட்காதீர்கள். கட்சிக்காரர் சொன்னதை அவள் வெளியே சொல்லக் கூடாது. சீட்டுக் காசு விவகாரத்தையும் அவளிடம் கொண்டு போகாமல், பெரியப்பா வேறு ஒரு சொலிசிட்டரைப் பார்ப்பதுதான் நல்லது.