நாலாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டுகிறான்: பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். பீடி சுற்றுகிறேன். மகன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அங்கே இரண்டே டீச்சர்கள். பாளையங்கோட்டையில் என் அக்கா மகளும் நாலாம் வகுப்புதான். அவள் பேப்பரே வாசிக்கிறாள், இவன் இன்னும் எழுத்துக்கூட்டுகிறான். அங்குள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேனில் அனுப்பட்டுமா?

பதில்: அம்மா, அவசரப்பட்டு டிசி வாங்கிவிடாதீர்கள். பையன் மந்தமும் இல்லை, டீச்சர்கள் சும்மா இருக்கவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பை இருவர் பங்கிட்டால் ஒருவர் தலையில் மூன்று வகுப்பு விழும். ஒன்றாம் வகுப்புக்கு அரிச்சுவடி சொல்லும்போது உங்கள் மகன் தானாக எழுதிக்கொண்டிருப்பான். பாளையங்கோட்டையோ 1820இல் ரேனியஸ் என்ற கிறிஸ்தவ மிஷனரி வந்த காலம் முதலே பள்ளிக்கூடங்கள் பெருகிய ஊர்; அங்கே பல வீடுகளில் பாட்டியும் படித்தவர். அக்கா மகளோடு ஒப்பிட்டு அவனை நோகடிக்காதீர்கள். கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வில், 2024இல், நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 44.8 சதவீதம் பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள்.

இன்று சாயங்காலமே ஒன்று செய்யுங்கள். சுளகை மடியில் வைத்து இலை சுற்றும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாடம் மனப்பாடமாக இருப்பதால் படத்தைப் பார்த்தே கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைகள் நிறைய. அதனால் நடத்தாத பக்கமாக எடுங்கள். எங்கே திக்குகிறான் என்று கவனியுங்கள். பெரும்பாலும் கெ, கே, கொ, கோ வரிசையில்தான் இருக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. ‘கொடி’யை ‘கெடி’ என்பான். அந்த ஒரு வரிசையை மட்டும் பத்து நாள், தினம் இருபது நிமிடம் பழக்குங்கள். திட்டாதீர்கள், திட்டினால் ஊகித்துச் சொல்லத் தொடங்கிவிடுவான். கணக்குக்குப் பீடிக்கட்டே போதும்: 25 வைத்துக் கட்டினால் ஆயிரத்துக்கு எத்தனை கட்டு?

பிறகு டீச்சரிடம் போய், “இவன் கொம்பு எழுத்தில் நிற்கிறான், தனியாகச் சொல்லித் தர முடியுமா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். பிள்ளையின் திறனை அறிந்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ஒருநாள் சுற்று குறைந்தாலும் போங்கள். ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

தமிழே தடுமாறும்போது இங்கிலீஷ் மீடியம் இன்னொரு சுமை. வேனில் போகும் நேரமும் இந்த இருபது நிமிடத்தைத் தின்றுவிடும். மூன்று மாதம் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பள்ளி மாற்றுவதை அதற்கப்புறம் யோசிக்கலாம். அப்போதும் தமிழ் வழியாகவே பாருங்கள்.