ஆறு பாட்டில் சிரா, ஒரு ஆட்டுக்கறிச் சாப்பாடு: பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பத்துப் பேர். புரட்டாசி விரதம் முடிந்து வரும் ஞாயிறு மதியம் என் வீட்டில் சாப்பாடு. இந்த முறை சிரா என்ற திராட்சையில் செய்த வெவ்வேறு ஊர் சிவப்பு ஒயின்களை ருசித்துப் பார்க்கலாம் என்று பேசினோம். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு விற்பனையாளர் 'ஆறு பிரதேசம், ஆறு பாட்டில்' என்று ஒரு பெட்டி காட்டினார். விலை 3,900 ராண்ட். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால்தான் கிடைக்குமாம். சில பாட்டிலில் சிரா, சிலவற்றில் ஷிராஸ் என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா? கறியோடு எதை முதலில் ஊற்றுவது? எங்களில் ஒருவர், "எனக்கு மணமே பிடிபடாது, என்னை விட்டுவிடுங்கள்" என்கிறார். பெட்டியின் படமும் விற்பனையாளர் கொடுத்த தாளும் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பாட்டிலில் ஸ்டெல்லன்போஷ், ஒன்றில் ஸ்வார்ட்லாண்ட் என்று இருக்கிறது. இரண்டில் வெஸ்டர்ன் கேப், ஒன்றில் கோஸ்டல் ரீஜன். ஆறாவது பிரெஞ்சு பாட்டில், கோட் து ரோன். இவற்றில் இடம் தெளிவாகத் தெரிவது முதல் இரண்டுக்கு மட்டும்தான். வெஸ்டர்ன் கேப் என்பது நம் நாட்டு ஒயின் நிலங்களில் மிகப் பெரும்பகுதியை அடக்கும் பெயர். எந்த ஊர் என்று கேட்டவரிடம் "குவாசூலு-நேட்டால்" என்று நம் மாகாணத்தின் பெயரைச் சொன்னால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் இதிலும் தெரியும். கோஸ்டல் ரீஜன் கொஞ்சம் சிறியது. ஆனால் ஸ்டெல்லன்போஷும் ஸ்வார்ட்லாண்டும் அதற்குள்ளேயே வருகின்றன. ஆகவே அந்த ஐந்தாவது பாட்டிலில் இருப்பது முதல் இரண்டு பாட்டிலில் உள்ள அதே ஊர்த் திராட்சையாகவே இருக்கலாம். கோட் து ரோன் சிவப்பு ஒயினில் பெரும்பாலும் கிரனாஷ் என்ற வேறொரு திராட்சைதான் முதன்மை, சிரா அதற்குத் துணை. சிராவுக்குப் பெயர்போன வட ரோன் வேண்டுமென்றால் பாட்டிலில் க்ரோஸ்-ஹெர்மிட்டாஜ், சான்-ஜோசெஃப், கோர்னாஸ் என்று அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

ஆறு பிரதேசத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு பிரதேசம் கொடுக்கிறார். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் என்னை எரிச்சல்படுத்துகிறது. 1973 முதல் நம் நாட்டில் ஒயின் பிறப்பிடச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். லேபிளில் ஓர் ஊரின் பெயரைப் போட்டால் திராட்சை முழுவதும் அந்த ஊரிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு அகலமான பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பின்லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கும் முகவரி ஒயினைச் செய்தவர் அல்லது விற்பவரின் முகவரி. திராட்சை வளர்ந்தது அங்கேதான் என்று பொருள் இல்லை. முன்பக்கம் அழகாக ஒரு மலையை வரைந்திருப்பார்கள். அந்த மலையும் சாட்சி சொல்லாது. ஐம்பது வருடமாகச் சட்டம் இருந்தும் லேபிளை எப்படிப் படிப்பது என்று வாங்குகிறவருக்குச் சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை. இந்த மாதிரிப் பெட்டிகள் விற்பதற்குக் காரணமே அதுதான்.

இனி எங்கே வாங்கினாலும் உள்ளூர் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். அங்கே எண் அச்சிட்ட சிறிய சான்று முத்திரை ஒட்டியிருக்கும். ஊர், ஆண்டு, திராட்சை வகை மூன்றையும் பற்றி லேபிள் சொல்வதைச் சரிபார்த்ததற்கான அடையாளம் அது. தங்கப் பதக்க ஸ்டிக்கரை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் படத்தில் நான்கு பாட்டிலில் பதக்கம் மின்னுகிறது. நான் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருக்கிறேன். ஒரு காலைப்பொழுதுக்குள் அறுபது ஷிராஸை எங்கள் முன்னால் வைத்தார்கள். நாற்பதாவது கிளாஸுக்கு மேல் என் நாக்கு மரத்துவிட்டது. அதன்பின் நான் கொடுத்த மதிப்பெண்களை நானே நம்பவில்லை. அதைச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு நான் போகவில்லை. பதக்கத்தை நம்பிப் பணம் போட வேண்டாம்.

சரி, பெயர் விஷயம். சிராவும் ஷிராஸும் ஒரே திராட்சை. பிரான்சில் சிரா என்பார்கள், ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். நம் நாட்டில் தயாரிப்பாளர் தன் விருப்பப்படி எதை வேண்டுமானாலும் போடலாம். மென்மையாக, ரோன் பாணியில் செய்தவர் சிரா என்று போட விரும்புவார். பழுத்து, கனமாக, ஓக் பீப்பாய் மணம் தூக்கலாகச் செய்தவர் ஷிராஸ் என்பார். இது பழக்கம்தான், விதி இல்லை. பெயரைப் பார்த்து ருசியை ஊகிக்காதீர்கள்.

அந்தத் தாளில் இருக்கும் கதைகளையும் ஒதுக்கிவிடுங்கள். பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து இந்தத் திராட்சை வந்தது என்கிறார். மரபணுச் சோதனை 1990களின் கடைசியிலேயே இதை முடித்துவைத்துவிட்டது. துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சுத் திராட்சைகளின் பிள்ளை சிரா. நம் நாட்டுத் திராட்சையான பினோட்டாஜ் சிராவின் பிள்ளை என்று எழுதியிருப்பதும் தவறு. 1925-ல் ஸ்டெல்லன்போஷில் பேராசிரியர் பெரோல்ட் பினோ நுவாரையும் 'ஹெர்மிட்டாஜ்' என்பதையும் கலப்பினம் செய்து அதை உருவாக்கினார். அந்தக் காலத்தில் கேப்பில் சான்சோ திராட்சையைத்தான் ஹெர்மிட்டாஜ் என்று அழைத்தார்கள். பிரான்சில் சிரா விளையும் ஹெர்மிட்டாஜ் குன்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதுகூடத் தெரியாமல், அல்லது தெரிந்தே, அச்சடித்து விற்கிறவரிடம் 3,900 ராண்ட் ஏன் கொடுக்க வேண்டும்?

அந்தப் பணத்துக்குள் நீங்களே ஐந்து பாட்டில் வாங்கலாம். பத்துப் பேருக்கு ஐந்து போதும், ஆறாவது நாக்குக்குச் சுமை. என் தேர்வு இது: ஒரு க்ரோஸ்-ஹெர்மிட்டாஜ், ஒரு எல்ஜின், ஒரு ஸ்டெல்லன்போஷ், ஒரு ஸ்வார்ட்லாண்ட், ஒரு ஆஸ்திரேலிய பரோஸா. ஊற்றும் வரிசையும் இதுவே. குளிர்ந்த ஊரிலிருந்து சூடான ஊருக்கு, மெலிந்ததிலிருந்து கனத்ததுக்குப் போகிறீர்கள். எல்ஜின் உங்களுக்குத் தெரிந்த பெயர்தான், ஆப்பிளுக்குப் பேர்போன ஊர். அந்தக் குளிரில் சிரா மெதுவாகப் பழுத்து, மிளகு மணத்தோடும் நல்ல புளிப்போடும் வரும். ஸ்வார்ட்லாண்ட் வெயில் காயும் கோதுமை நாடு. தண்ணீர் பாய்ச்சாமல் புதர்போல வளர்க்கும் பழைய கொடிகள் அங்கே உண்டு. 2000-ல் ஒயின் தயாரிப்பாளர் ஈபன் சாடி தன் முதல் கொலுமெல்லா ஒயினைச் செய்தபிறகு உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. அந்த பாட்டிலையே தேடி அலைய வேண்டாம், விலை அதிகம். பக்கத்துத் தோட்டங்களில் அடக்கமான விலைக்கு நல்லது கிடைக்கும். பரோஸாவை முதலில் ஊற்றிவிட்டால் மற்ற நான்கும் தண்ணீராகத் தெரியும். வரிசையில் சந்தேகம் வந்தால் லேபிளில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 13 முன்னால், 14.5 பின்னால்.

பாட்டில்களைப் பழுப்புக் காகிதப் பைக்குள் வைத்து எண் எழுதிவிடுங்கள். விலை தெரிந்தால் நாக்கு விலையைத்தான் ருசிக்கும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளை வைத்துச் சொன்னது. டர்பனின் அக்டோபர் மதியத்துக்கு அது பொருந்தாது. 16 முதல் 18 பாகை வேண்டும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

கறிக்கு வருகிறேன். விரதம் முடிந்த முதல் ஆட்டுக்கறியில் காரத்தைக் குறைக்கச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், எனக்குத் தெரியும். ஆகவே குறைக்க வேண்டாம், நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மிளகாய்க் காரம் ஏறிய நாக்கில் ஆல்கஹால் எரியும், சிராவின் துவர்ப்பு இன்னும் கடுமையாகும், பழ ருசி காணாமல் போகும். விக்டோரியா தெரு மார்க்கெட்டின் கடுங்கார மசாலா போட்ட கறிக்குப் பிறகு எந்த ஊர் சிராவும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் முக்கால் மணி நேரம் ஐந்தையும் வெறும் ரொட்டியோடு ருசியுங்கள். பேசி, எழுதி முடித்தபின் பைகளைக் கழற்றுங்கள். அப்புறம் சாப்பாடு. அப்போது அவரவருக்குப் பிடித்த பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். காரக் கறிக்கு க்ரோஸ்-ஹெர்மிட்டாஜ் அல்லது எல்ஜின் ஒத்துப்போகும், பரோஸா வேண்டாம். மிளகும் சோம்பும் தூக்கலாக, மிளகாய் குறைவாக ஒரு வறுவல் தனியாகச் செய்ய முடிந்தால் ஸ்வார்ட்லாண்டுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. மாங்காய் அச்சாரை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவையுங்கள்.

மணம் பிடிபடாது என்கிற நண்பரை விட்டுவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் எத்தனையோ பேர் கூச்சப்பட்டு ஒதுங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். சிராவில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-ல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நம் அஞ்சறைப் பெட்டி மிளகிலும் அதே பொருள்தான், அங்கே பல மடங்கு அதிகம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தப் பொருளின் மணம் தெரிவதே இல்லை. பயிற்சிக் குறை இல்லை இது, பிறவி அமைப்பு. உங்கள் பத்துப் பேரில் இரண்டு பேர் அப்படி இருக்கலாம். உடனே அவர் மிளகை இடித்து முகர்ந்து பார்த்து, "எனக்குத் தெரிகிறதே, அப்படியானால் குறை வேறு எதிலோ" என்று சொல்லக்கூடும். அந்தச் சோதனை செல்லாது. மிளகில் வேறு மணங்களும் உறைப்பும் இருக்கின்றன, அவர் பிடிப்பது அவையாக இருக்கலாம். எல்லோரும் மிளகு மிளகு என்று சொல்லும் அதே கிளாஸில் அவருக்குப் பழமும் புகையும் முன்னால் நிற்கும், அதுவும் சரியான ருசிதான். இன்னொன்று: பரோஸாவில் யாருக்குமே மிளகு தெரியவில்லை என்றால் மூக்குகளைக் குறை சொல்லாதீர்கள், சூடான ஊர்த் திராட்சையில் அந்தப் பொருளே குறைவாகத்தான் இருக்கும். உங்கள் நண்பர் எழுதுவதைத் தனியாக வைத்துப் படியுங்கள். மிளகு மறைக்காத ஒயினை உங்களுக்குச் சொல்லப்போகிறவர் அவர்தான்.

அளவு: ஒருவருக்கு 40 மில்லி. ஐந்து சுற்றுக்கு 200 மில்லி ஆகும், பாட்டிலில் பாதியளவு சாப்பாட்டுக்கு மிஞ்சும். ருசித்துவிட்டுத் துப்புவது முறைதான், ஆனால் சாப்பாட்டு மேசையில் எச்சில் கிண்ணம் வைக்க நம்மவர்களுக்கு மனம் வராது. ஆளுக்கொரு மூடியுள்ள காகிதக் குவளை கொடுத்துவிடுங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு இரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம்தான் எல்லை, 200 மில்லி ஒயினிலேயே சிலர் அதைத் தொட்டுவிடுவார்கள். குடிக்காதவர் யார் ஓட்டுவது என்று சனிக்கிழமையே பேசிவையுங்கள்.

மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் நிற்கவையுங்கள். இரண்டு நாள், மெல்லிய ஒயின்களுக்கு ஒன்றரை நாள் தாங்கும். க்ரோஸ்-ஹெர்மிட்டாஜை முதலில் முடித்துவிடுங்கள்.