பசுமைக் கட்டடமும் பாதுகாப்புச் செலவும்: கேள்வி பதில்

பல வருடங்களாகக் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

கேள்வி: பசுமைக் கட்டடத்துக்குப் பாதுகாப்புச் செலவு ஏன் கூடுதலாகிறது, ஐயா?

பதில்: சோலார் பேனல், கூரைத் தோட்டம், ஸ்கைலைட் (வெளிச்சத்துக்காகக் கூரையில் வைக்கும் கண்ணாடி ஜன்னல்) எல்லாமே ஆட்களை உயரத்தில் கூடுதல் நேரம் நிறுத்துகின்றன. மறுசுழற்சிக்காகக் கழிவைப் பிரிப்பவர் ஆணி, கண்ணாடி, தகரத்துக்குள் கையை விட வேண்டியிருக்கிறது. லீட் (LEED) என்பது கட்டடத்துக்குப் புள்ளி போட்டுத் தரும் பசுமைச் சான்றிதழ். அமெரிக்காவில் அந்தச் சான்றிதழ் கட்டடங்களைப் பற்றி 2012-ல் வந்த ஓர் ஆய்வு, பேனல் பொருத்தும் கூரை வேலையில் கீழே விழும் ஆபத்து 24 சதவீதம் கூடுவதாக மதிப்பிட்டது.

கேள்வி: எஸ்டிமேட்டில் எத்தனை சதவீதம் போடலாம்?

பதில்: சதவீதத்தில் போடாதீர்கள் தம்பி. எத்தனை பேர், எத்தனை நாள், எந்த உயரத்தில் என்று வேலையிலிருந்து கணக்கெடுங்கள். தடுப்புக் கம்பி இத்தனை மீட்டர், வலை இத்தனை சதுர மீட்டர், பயிற்சி இத்தனை மணி நேரம் என்று தனித்தனி வரிகளாக எழுதுங்கள். மொத்தத் தொகைக்குள் மறைத்தால், குறைந்த விலை போட்டு டெண்டர் எடுப்பவர் முதலில் கை வைப்பது அதில்தான். என் யோசனை: அந்தப் பாதுகாப்புத் தொகையை டெண்டரிலேயே எல்லாருக்கும் ஒன்றாக நிர்ணயித்துவிட்டு, தளத்தில் அளந்து பார்த்துப் பணம் கொடுங்கள்.

கேள்வி: சோலார் வேலைக்கு எல்லாருக்கும் பாதுகாப்பு பெல்ட் வாங்கிவிட்டோம். போதாதா?

பதில்: கொக்கியை எதில் மாட்டுவார்கள்? அதற்கான இடம் வரைபடத்தில் இருக்கிறதா? பெல்ட் கடைசி வழிதான். கூரையின் கைப்பிடிச் சுவரை ஆரம்பத்திலேயே 1.1 மீட்டர் உயரத்துக்குக் கட்டினால், பொருத்துபவருக்கும் காவல், பின்னால் இருபத்தைந்து வருடம் பேனல் துடைக்க ஏறுபவருக்கும் காவல். வரைபடத்தில் இது ஒரு கோடு. கட்டி முடித்த பிறகு செய்தால் உடைப்பு, சாரம், நீர்க்கசிவுத் தடுப்பு என்று இழுக்கும். அப்புறம் இன்னொன்று: இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் வெயில் பட்ட பேனலில் மின்சாரம் இருக்கும். அதிர்ச்சி சிறியதாக இருந்தாலும் கூரை விளிம்பில் நிற்பவர் தடுமாறி விழுவார். பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: வெப்பத்தடுப்பு ஃபோம் தெளிக்கும்போது துணி மாஸ்க் போதுமா?

பதில்: போதவே போதாது. அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குச் சிறிதளவு பட்டாலே மூச்சு திணறும். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி வேண்டும். அன்று அந்தத் தளத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அந்த நாளையும் செலவில் சேருங்கள்.

கேள்வி: "தொழிலாளர் பாதுகாப்புக்குச் சான்றிதழில் புள்ளி இல்லையே" என்கிறார் உரிமையாளர்.

பதில்: வடிவமைப்பிலேயே ஆபத்தைத் தவிர்ப்பதற்கு லீட் 2015-ல் சோதனை முறையில் ஒரு புள்ளியைக் கொண்டுவந்தது. அதை அவரிடம் காட்டுங்கள். புள்ளி கிடைக்காவிட்டாலும் கைப்பிடிச் சுவரை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.