மின்வாகன ஃபண்டில் என் பணம்: விலகிவிடவா?

கேள்வி: எனக்கு 36 வயது. மாதம் 15,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) போடுகிறேன். அதில் 6,000 ரூபாய் மூன்று வருடமாக மின்வாகனத் துறை மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகிறது. எட்டு வயது மகளின் கல்லூரிப் படிப்புக்கான பணம் இது. பேட்டரிக்கான கோபால்ட் உலோகத்தைக் காங்கோவில் குழந்தைகள் தோண்டுகிறார்கள் என்று படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. முழுவதையும் எடுத்துவிடவா?
- வாசகி, ஓசூர்

பதில்: உங்கள் உறுத்தல் நியாயமானது. உலகச் சுரங்கங்களிலிருந்து வரும் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசுடையது. பெரும்பகுதியை இயந்திரங்கள் எடுக்கின்றன. மீதியை, கொல்வேசி போன்ற ஊர்களில் மனிதர்கள் கையால் தோண்டுகிறார்கள். முட்டுக் கொடுக்காத குழிக்குள் கயிற்றைப் பிடித்து இறங்குகிறார்கள். மேலே சிறுவர்கள் கல்லைப் பொறுக்கி, தண்ணீரில் அலசி, சாக்கில் கட்டுகிறார்கள். கொள்முதல் கடையில் வியாபாரி ஒரு கருவியை வைத்துத் தரம் பார்த்து விலை சொல்வார். அவர் சொன்னதுதான் விலை. தெற்குக் காங்கோவின் சுரங்கங்களில் சுமார் 40,000 குழந்தைகள் வேலை செய்வதாக 2014-இல் யுனிசெஃப் மதிப்பிட்டது.

அந்தச் சாக்குகள் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனதும் இயந்திரச் சுரங்கத்தின் தாதுவோடு கலந்துவிடும். அப்புறம் எது யார் தோண்டியது என்று பிரிக்க முடியாது. பெரிய சுரங்கங்கள் மட்டும் சுத்தம் என்றும் எண்ண வேண்டாம். அவற்றின் விரிவாக்கத்துக்காகக் கொல்வேசியில் மக்கள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டதை 2023-இல் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது.

நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. கோபால்ட் சுரங்கங்களில் பாதிக்கப்பட்ட சிறுவர்களின் குடும்பங்கள் சார்பில் ஆப்பிள், டெஸ்லா உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் மீது 2019-இல் அமெரிக்காவில் போட்ட வழக்கை, 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. அதனால்தான் முதலீட்டாளர் கேட்கும் கேள்விக்கு மதிப்பு அதிகம் என்கிறேன். நீங்கள் சத்தமில்லாமல் விலகினால் அந்தப் பங்குகளை வேறொருவர் வாங்கிக்கொள்வார். கொல்வேசியில் ஒரு சாக்குகூடக் குறையாது.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். மகளின் படிப்புக்கான சேமிப்பில் 40 சதவீதத்தை ஒரே துறையில் வைத்திருப்பது, கோபால்ட் பிரச்சினையே இல்லாவிட்டாலும் தவறு. அந்த எஸ்.ஐ.பி.யை 1,500 ரூபாயாகக் குறைத்து, மீதி 4,500 ரூபாயைப் பரவலான ஓர் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (சந்தைக் குறியீட்டிலுள்ள பல துறை நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஃபண்ட்) மாற்றுங்கள். ஏற்கெனவே சேர்ந்ததை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். இந்தியப் பங்கு ஃபண்டாக இருந்தால், வாங்கி ஒரு வருடம் தாண்டிய யூனிட்களின் லாபத்துக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை; அதற்கு மேல் 12.5 சதவீதம். அந்த வரம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

மிச்சம் வைக்கும் யூனிட்தான் உங்களுக்குக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஃபண்ட் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஃபண்டில் உள்ள நிறுவனங்கள் எந்த வகை பேட்டரி வாங்குகின்றன என்று முதலில் கேளுங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. நிக்கலிலும் ரத்தம் உண்டு: 2023 டிசம்பரில் இந்தோனேசியாவின் மொரோவாலி நிக்கல் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் கலந்த என்.எம்.சி. வகை என்றால், கோபால்ட் எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிறது, அதை வெளியாள் தணிக்கை செய்தாரா என்று கேளுங்கள். “காங்கோவிடம் வாங்குவதையே நிறுத்திவிட்டோம்” என்று பதில் வந்தால் நான் மகிழ மாட்டேன். தோண்டிப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பு அணையும், அவ்வளவுதான். குழிக்கு முட்டு, நியாயமான விலை, பிள்ளைகளுக்குப் பள்ளி, இவற்றுக்கு அந்த நிறுவனங்கள் என்ன செலவிடுகின்றன என்பதே முக்கியம்.

2022 ஏப்ரலிலிருந்து, மியூச்சுவல் ஃபண்டுகள் தங்களிடமுள்ள நிறுவனங்களின் எல்லாப் பங்குதாரர் தீர்மானங்களிலும் வாக்களித்து அதை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. உங்கள் ஃபண்ட் எப்படி வாக்களித்தது என்பதை அதன் இணையதளத்தில் பாருங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.